ஆர்எக்ஸ் 580-ஐ சர்வீஸ் செய்த கையோடு: 580-ம் 1060-ம், ஒரு ஸ்டுடியோ அனுபவம்

பாலக்காட்டுச் சித்தூரில் புதிதாக ஸ்டுடியோ போடும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, இப்போதைக்குப் பழைய கிராஃபிக்ஸ் கார்டுதான் கட்டுப்படியாகும். ஜிடிஎக்ஸ் 1060 எடுக்கட்டுமா, ஆர்எக்ஸ் 580 எடுக்கட்டுமா?”

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஸ்டுடியோவில் இரண்டும் ஓடுகின்றன. 2022 செப்டம்பரில், எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றுபோய், பழைய கார்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தபோது கோவையில் வாங்கியவை. ஒன்று என்விடியாவின் 6 ஜிபி 1060, இன்னொன்று ஏஎம்டியின் 8 ஜிபி 580. கல்யாண வீடியோ எடிட்டிங், கோயில் விசேஷங்களுக்கு நேரலை, வேலை முடிந்தால் பையன்கள் கொஞ்சம் கேம் ஆடுவார்கள். இந்த வாரம்தான் 580-ஐ மறுபடியும் பிரித்து, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பேஸ்டை மாற்றினேன். அதனால் இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும்.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. கணக்குப் போடும் வேகம் 580-க்கு 6.2 டெராஃப்ளாப்ஸ், 1060-க்கு 4.4. மெமரி அலைவரிசை 580-இல் நொடிக்கு 256 ஜிபி, 1060-இல் 192. ஆனால் 2017-இல் வந்த கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் முறைகளில் எழுதிய கேம்கள் பெருகிய பிறகுதான் 580 முன்னே போனது. கம்பெனி மாறினால் டெராஃப்ளாப்ஸை வைத்து ஒப்பிடவே கூடாது என்பதற்கு இந்த ஜோடியை விட நல்ல சாட்சி கிடையாது.

580-இடம் எனக்குப் பிடித்தது அந்த 8 ஜிபி. விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ-வை ஏற்றி 4கே-யில் எடுத்திருப்பார்கள். அதை டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் போட்டு நாய்ஸ் ரிடக்‌ஷன் கொடுத்து, மேலே கலர் கிரேடும் வைத்தால் 1060 இருக்கும் மெஷினில் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்று செய்தி வந்து நிற்கும். டைம்லைனை 1080பி ரெசல்யூஷனுக்கு இறக்கி வேலை பார்த்து, கடைசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதே ப்ராஜெக்டை 580 மெஷினில் திறந்தால் முணுமுணுக்காமல் ஓடும். இந்த விலைக்கு இந்த மெமரி அன்றைக்கு வேறு எந்தக் கார்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இதை மனசாரச் சொல்கிறேன்.

இனி சூடு. 580-க்கு ஏஎம்டி சொன்ன கணக்கே 185 வாட். 1060-க்கு 120. கூடுதலான அந்த 65 வாட்டும் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து விழும். ஏசி போட்ட அறையில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஃபேன் மட்டும் சுற்றும் எடிட்டிங் அறையில், இது பெரிய விஷயம். அறைக் காற்றே சூடாக இருக்கும்போது கார்டின் ஃபேன் எதை வைத்துக் குளிர்விக்கும்? ரெண்டர் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஃபேன் முழு வேகத்துக்குப் போய்விடும். அந்த இரைச்சலில் நாதஸ்வரத்தின் ஆடியோ லெவலை எப்படிக் காதால் கேட்டுச் சரிபார்ப்பது? ஹெட்ஃபோன் மாட்டியும் உள்ளே கேட்கிறது. மழைக்காலத்தில் சூடு தணியும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று புழுதியைக் கொண்டுவந்து, சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்கில் அப்பிவிடும்.

இந்த முறை பிரித்தபோது, பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றியும் ஹீட்சிங்க் வரவில்லை. ஹேர் ட்ரையரால் சூடு காட்டி, மெல்லத் திருகித்தான் எடுத்தேன். சிப்பின் மேல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகி, ஓரத்தில் உதிர்ந்தது. மெமரி மேல் சூடு கடத்த ஒட்டியிருந்த பேட்கள் எண்ணெய் கக்கி பலகையெல்லாம் பிசுபிசுப்பு. ஒரு ஃபேனின் பேரிங் தேய்ந்து ‘கடகட’ என்றது, அதையும் மாற்றினேன். 1060-க்கு வாங்கிய புதிதில் ஒரு தடவை பேஸ்ட் மாற்றியதோடு சரி, ப்ளோயர் அடிப்பதைத் தவிர வேறு வேலை வைத்ததில்லை.

580 வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: வோல்டேஜைக் குறையுங்கள். ரேடியான் மென்பொருளில் ட்யூனிங் பகுதிக்குப் போய், 1150 மில்லிவோல்ட்டில் இருந்ததைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு நீளமான ரெண்டர் ஓடவிட்டுப் பார்த்தேன். என் கார்டு 1060 மில்லிவோல்ட்டில் 1300 மெகாஹெர்ட்ஸ் நிலையாக ஓடுகிறது. வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை, ஃபேன் இரைச்சலில் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, என் எண்ணை அப்படியே போட வேண்டாம்.

நேரலையில் 1060 வெகு தூரம் முன்னால். 1060-இல் வீடியோவைச் சுருக்கும் என்கோடர், எச்.264 வடிவத்தில் பி-ஃப்ரேம் போடும், அதாவது முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைப் பார்த்து டேட்டாவை மிச்சப்படுத்தும். 580-இன் என்கோடர் போடாது. திருவிழா நாளில் கூட்டம் சேர்ந்து மொபைல் நெட் திணறும்போது நொடிக்கு அனுப்பும் டேட்டாவான பிட்ரேட்டை இறக்கித்தானே ஆக வேண்டும்? அப்போது தேர் நகரும் காட்சியில் 580 அனுப்பும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 1060-இல் முகங்களாவது தெளிவாக நிற்கின்றன. கரண்ட் போனாலும் இதே கதை. 600 விஏ யுபிஎஸ்ஸில் ரெண்டர் ஓடும்போது 580 மெஷின் ஓவர்லோட் என்று கத்தும், 1060 மெஷின் சேவ் செய்து மூடுகிற வரைக்கும் தாங்கும்.

டிரைவர் விஷயத்தில் இரண்டும் ஓய்வுபெற்றவைதான். ஏஎம்டி 2023-லேயே 580-இன் தலைமுறையைப் புதிய கார்டுகளின் டிரைவரிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்குத் தள்ளிவிட்டது. என்விடியா 2025 அக்டோபரோடு 1060-க்குக் கேம் டிரைவரை நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

மெமரி, வேகம், விலை என்று கூட்டினால் 580 ஜெயிக்கும். இருந்தும் தம்பி, நீங்கள் 1060 எடுங்கள். இந்த ஏப்ரலில் என்னிடம் கேட்டால் வேறு பதில் வராது. 4கே-யில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டே தீரவேண்டிய வேலை வந்தால் அந்த ஒரு ப்ராஜெக்டை இங்கே கொண்டுவாருங்கள், 580-இல் போட்டுத் தருகிறேன்.

வாங்கும்போது, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். 1060 என்றால் ஷேடர், அதாவது கோர்களின் எண்ணிக்கை, 1280 என்று காட்ட வேண்டும். 1152 என்றால் அது 3 ஜிபி மாடல், மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு. அதையும் மீறி 580-தான் வேண்டும் என்றால் 2304 இருக்கிறதா பாருங்கள். 2048 என்று வந்தால் அது பெயர் மாற்றிய 570, அதற்கு 580 விலை கொடுக்காதீர்கள்.