கை ஓங்கும் பெரியவரை எங்கே வைப்பது: வீடா, முதியோர் இல்லமா, டிமென்ஷியா காப்பகமா?

பெரியப்பாவுக்கு அல்சைமர், அதாவது டிமென்ஷியா என்னும் மறதி நோயில் ஒரு வகை. வெறும் மறதியாக இருந்தவரை வீட்டிலேயே சமாளித்தோம். பொழுது சாய்ந்தால் கத்துவது, குளிப்பாட்டப் போனால் அடிப்பது என்று ஆன பிறகுதான் சென்னையில் இடம் தேடினோம். சேர்த்தது டிமென்ஷியாவுக்கென்றே நடக்கும் காப்பகத்தில். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

கட்டணம், தூரம், சாப்பாடு எல்லாரும் விசாரிப்பதுதான். ஏஜென்சி மூலம் வீட்டுக்கு ஆள் வைத்தால் பழகிய அறை, பழகிய கட்டில். அது பெரிய பலம். ஆனால் ஓர் அடி விழுந்தால் மறுநாள் அந்த ஆள் வரமாட்டார், புது முகத்தைப் பார்த்துப் பெரியப்பா இன்னும் மிரளுவார். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்றால் செலவும் குறைவில்லை. சாதாரண முதியோர் இல்லங்களோ பெரும்பாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்வி: “அடித்தால் என்ன செய்வீர்கள்?” ஓர் இடத்தில் “மாத்திரை கொடுத்தால் தூங்கிடுவார் சார்” என்றார்கள். அதோடு கிளம்பிவிட்டோம். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரியான மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே எச்சரித்தது. மயக்கத்தில் எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு போகும். மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. மனநல மருத்துவர் குறைந்த அளவில் எழுதி, எப்போது குறைப்பது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் சேர்த்த இடத்தில் பதிலுக்குக் கேள்வி கேட்டார்கள். எந்த நேரத்தில் அடிக்கிறார்? மலச்சிக்கல் உண்டா? சிறுநீர்த் தொற்று பார்த்தீர்களா? காது கேட்கிறதா? திடீரென்று முரண்டு கூடினால் பாதி நேரம் உடம்பில்தான் ஏதாவது இருக்குமாம். ஷவரை விட்டுவிட்டு வாளியும் சொம்பும் வைத்து, வெயில் ஏறிய பிறகு ஒரே ஆள் குளிப்பாட்டத் தொடங்கியதும் அடி வெகுவாகக் குறைந்தது. சாயங்காலக் கத்தல் இன்னும் இருக்கிறது.

படுக்கையில் விழுந்த பிறகும் இதே இடம் சரிவருமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே எனக்கு அனுபவம் கிடையாது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் சங்கத்தின் கிளை போன்ற அமைப்புகளிடம் முதலில் பேசிப் பாருங்கள். அப்புறம், ஒப்பந்தத்தில் “நடத்தை கட்டுக்கு மீறினால் அழைத்துச் செல்ல வேண்டும்” என்ற வரி இருந்தால், எத்தனை நாள் அவகாசம் என்பதை எழுதி வாங்கிய பிறகு டெபாசிட் கட்டுங்கள்.