டுரியான் பட்டை அழுகலுக்கு மருந்து வாங்குவோர் கவனத்துக்கு

பர்மாவில் முடோன் பக்கம் டுரியான் பழமரம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மழை பிடித்ததும் என் தோட்டத்தில் ஐந்து மரங்களில் அடிப்பட்டை கறுத்துச் செம்பழுப்பாக நீர் வடிந்தது. மோல்மீனில் ஒரு உரக்கடையில் லேபிள் இல்லாத பையில் வெள்ளைப் பொடி கொடுத்து, "எல்லாப் பூஞ்சைக்கும் கேட்கும்" என்றார்கள். கூடவே இரண்டு வீசை (பர்மா வீசை சுமார் 1.6 கிலோ) மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். இரண்டிலும் ஏமாற்றிவிட்டார்கள்.

அந்தப் பொடி கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைமருந்து என்பதை மூன்று தடவை அடித்த பிறகு, வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார்கள். அதற்குள் இரண்டு மரங்களில் பட்டை சுற்றிலும் செத்துவிட்டது. இந்த அழுகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். பூஞ்சை மாதிரி வளர்ந்தாலும் அது பழுப்புப் பாசிகளின் உறவு. மாங்காயின் கரும்புள்ளி நோய்க்குக் கேட்கிற கார்பெண்டாசிம் இதை ஒன்றும் செய்யாது. லேபிளில் மெட்டலாக்சில் அல்லது போசெட்டைல் அலுமினியம் என்று இருக்கிறதா பாருங்கள்.

மயில்துத்தத்தில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்திருந்தார்கள். அதன் விலை மிகக் குறைவு. கட்டி ஆழ்ந்த நீலமாக இல்லாமல் பச்சை தட்டினால் சந்தேகப்படுங்கள். ஒரு தேக்கரண்டித் துத்தத்தைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நல்ல சரக்கு வான நீலமாகத் திரளும். கலப்படம் அழுக்குப் பச்சையாகத் திரண்டு, சற்று நேரம் வைத்தால் மேலே துருநிறம் படியும். கத்தியைத் தோய்த்துச் செம்பு படிகிறதா என்று பார்ப்பது இதற்குப் போதாது. பாதி கலப்படமானாலும் செம்பு படியத்தான் செய்யும்.

பூசுவதற்கு ஒரு வீசை துத்தம், ஒரு வீசை சுண்ணாம்பு, 16 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். சுண்ணாம்புக் கல் தண்ணீர் பட்டதும் கொதிக்க வேண்டும். கொதிக்காதது காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு, வாங்காதீர்கள். செத்த பட்டையை நல்ல திசு தெரியும் வரை செதுக்கி, சீவலைத் தோட்டத்தில் போடாமல் எரித்துவிட்டு, மழை விட்ட நாளில் காயம் காய்ந்த பிறகு பூசுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பிரித்த பை என்று சொல்லிக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ரசீதும் தரவில்லை. லேபிள், காலாவதித் தேதி, ரசீது மூன்றும் இல்லாமல் காசை நீட்டாதீர்கள்.