ஐரிஸ் கலப்பின விதை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

'கையால் மகரந்தம் சேர்த்த உயரமான தாடி ஐரிஸ் விதை' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். தொங்கும் இதழ்களின் மேல் தாடி மாதிரி முடிக்கற்றை இருக்கும் ஐரிஸ் பூச்செடிதான் தாடி ஐரிஸ். எனக்கு வந்த பாக்கெட்டில் ஒரு விதைகூடத் தாடி ஐரிஸ் இல்லை. பணமும் திரும்பி வரவில்லை.

பாக்கெட்டில் எழுதியிருந்ததைக் குறை சொல்ல முடியாது. தாய்ச்செடியின் பெயர், பெருக்கல் குறி, பிறகு மகரந்தம் தந்த செடியின் பெயர் என்று, கலப்பு செய்கிறவர்கள் எழுதும் அதே வரிசை. ஆனால் உள்ளே இருந்தவை கறுப்பாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தன. தாடி ஐரிஸ் விதை காய்ந்தால் பழுப்பாகச் சுருங்கிப்போயிருக்கும். விற்றவரிடம் அன்றைக்கே கேட்டேன். "விதை இனத்துக்கு இனம் மாறும். முளைக்க மாதக்கணக்காகும், பொறுமையாக இருங்கள்" என்று பதில் வந்தது.

அவர் சொன்ன இரண்டும் உண்மை. அதுதான் தந்திரமே. தாடி ஐரிஸ் விதையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. அதனால் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, அப்புறம் ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டு மூன்று மாதம் வைப்பார்கள். அதன் பிறகும் எல்லாம் ஒன்றாக முளைக்காது, சில அடுத்த வருடம்தான் தலைகாட்டும். பூ வர பொதுவாக 2, 3 ஆண்டுகள். இப்படிப்பட்ட செடிக்கு அவர் கொடுத்த ரீஃபண்ட் காலம் ஒரு மாதம்!

நானே கலப்பு செய்த விதைகளும் அதே ஃப்ரிட்ஜில் இருந்தன. ஐரிஸில் இந்த வேலை எளிது. மகரந்தப்பையைச் சாமணத்தால் எடுத்து, இன்னொரு பூவின் சூல்தண்டு நுனிக்குக் கீழே உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தடவ வேண்டும். தேனீ வந்து உட்காராமல் இருக்கத் தொங்கும் இதழ்களைக் கிள்ளிவிட்டால் நல்லது. சுமார் இரண்டு மாதத்தில் காய் பழுத்து வெடிக்கும். அந்த விதைகளில் வந்த நாற்றுகள் இன்னும் இலையோடு நிற்க, பாக்கெட் செடிகள் மட்டும் அவசர அவசரமாகப் பூத்தன.

ஆரஞ்சு நிறம், சிவப்புப் புள்ளிகள், ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்த ஆறு இதழ்கள். தாடியே இல்லை. ஒரே நாளில் வாடி முறுக்கிக்கொண்டது. பிளாக்பெர்ரி லில்லி! அதன் காய் வெடித்தால் உள்ளே அதே கறுப்பு விதைகள்தான் கொத்தாக இருக்கும்.

படம் அனுப்பினேன். "கலப்பில் என்ன நிறம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார். அதுவும் உண்மைதான், ஆனால் நிறத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இரண்டு உயரமான தாடி ஐரிஸ்களைக் கலந்தால் தாடியே இல்லாத வேறொரு இனம் பிறக்காது. அதைச் சொன்னதும், "இதுவும் ஐரிஸ்தானே" என்று முடித்துவிட்டார். பெலம்காண்டா என்ற தனிப் பேரினத்தில் இருந்த பிளாக்பெர்ரி லில்லியை 2005இல் ஐரிஸ் பேரினத்தில் சேர்த்து ஐரிஸ் டொமெஸ்டிகா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

'இந்த ரகத்தின் விதை, அப்படியே அதே பூ' என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள். பெயர் பெற்ற ரகங்கள் கிழங்கைப் பிரித்துத்தான் பெருகும், விதையில் வரும் ஒவ்வொரு நாற்றும் புதுச்செடி. தீயணைப்பு வண்டிச் சிவப்பில் தாடி ஐரிஸ் படம் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், அந்த நிறம் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

உண்மையில் கலப்பு செய்கிறவரிடம் பெற்றோர்ச் செடிகளின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டிவிட்ட காயின் படம் இருக்கும், எந்தப் பருவத்தில் பறித்தது என்றும் சொல்வார். பணம் கட்டும் முன் கேளுங்கள். பார்சல் வந்ததும் விதைகளைக் கொட்டி, பாக்கெட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். கறுப்பாகப் பளபளத்தால் பூவுக்குக் காத்திருக்காமல் அன்றே புகார் போடுங்கள். விற்பவர் பொறுமையாக இருக்கச் சொன்னாலும் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்.