பழைய எந்திரத்துக்கு உணரியா, புதிய இணைப்பு எந்திரமா? பினாங்குப் பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் உருவாகி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் கால் பதித்ததைத் தொடர்ந்து, அவற்றுக்கு வேண்டிய ஜிக்குகளையும் (உருப்படியைப் பிடித்து நிறுத்தும் சட்டங்கள்) வார்ப்பு அச்சுகளையும் செய்து தரும் சிறு பட்டறைகள் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள பிறை நகரிலும் பெருகின. பத்து உருப்படி, சில வேளைகளில் ஒரே உருப்படி என வரும் ஆர்டர்களை நம்பியிருக்கும் இத்தகைய பட்டறை முதலாளியின் முன் இன்று இரண்டு வழிகள் உள்ளன: இருக்கும் சிஎன்சி எந்திரங்களில் (கணினி நிரலால் இயங்கும் வெட்டு எந்திரங்கள்) உணரிகளைப் பொருத்துவது, அல்லது வலையமைப்பு இணைப்பு வசதியோடு வரும் புதிய எந்திரங்களை வாங்குவது.

விற்பனையாளர்கள் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். தனிப்பயன் வேலையிலோ, உலோகத்தை வெட்டும் நேரத்தைவிட, விலை கணிப்பதற்கும் நிரல் எழுதுவதற்கும் உருப்படியையும் கருவிகளையும் எந்திரத்தில் பொருத்திச் செட்டிங் செய்வதற்கும் முதல் உருப்படியை அளந்து ஒப்புதல் பெறுவதற்கும் ஆகும் நேரமே பெரும்பாலும் மிகுதி. ஆகவே இரு வழிகளையும் இந்த நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

உணரி வழி எளியது. மின்கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மின்னோட்ட உணரியோ, எந்திரத்தின் நிலையைக் காட்டும் மூவண்ண விளக்கைப் படிக்கும் சிறு கருவியோ, எந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதை உற்பத்தியை நிறுத்தாமலே சொல்லிவிடும். எந்திரம் ஓயாமல் ஓடுகிறது என்று நம்பியிருந்த முதலாளிக்கு, அது வெட்டுக்கருவிக்காகவும் வரைபடத்துக்காகவும் காத்து நின்ற நேரம் முதன்முறையாகக் கண்ணில் படும். ஆனால் எந்த உருப்படி ஓடியது என்பது அந்த உணரிக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தொழிலாளர் பட்டைக்குறியை வருடினால்தான் அந்தக் குறை தீரும், அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

புதிய எந்திரம் வேறு தளத்தில் நிற்கிறது. எம்டிகனெக்ட், ஓபிசி யுஏ போன்ற, எந்திரத் தரவைப் பரிமாறுவதற்கான பொதுநெறிகளின் வழியாக அது நிரல் எண், சுழல்தண்டின் சுமை, எச்சரிக்கைகள் ஆகியவற்றைத் தானே வெளியிடும். உள்ளேயே பொருத்தப்பட்ட அளவுமுனை (தொட்டு அளக்கும் கருவி) உருப்படியை அளந்து, வெட்டுக்கருவியின் ஈடுமதிப்பை, அதாவது அதன் அளவு வேறுபாட்டை ஈடுசெய்யும் எண்ணை, திருத்தும். வாடிக்கையாளர் வரைபடத்தைத் திருத்தினால், புதிய நிரல் வலையமைப்பு வழியே நேராக எந்திரத்தை அடைவதால், பழைய பதிப்பை வெட்டிவிட்டுப் பொருளைக் குப்பையில் போடும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. ஒற்றை உருப்படி ஆர்டரில் உண்மையான லாபம் இங்குதான் இருக்கிறது. ஐந்து திசையச்சுகளில் இயங்கும் நல்ல எந்திரத்தின் விலை பல இலட்சம் ரிங்கிட் என்பதும், அதை இயக்கத் தெரிந்தவரைப் பெரிய ஆலைகள் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும் என்பதும் மறுபக்கம்.

பெரும்பாலான பட்டறைகளுக்கு உணரியே முதற்படி என்பது என் கருத்து. சில மாதத் தரவு எந்த எந்திரத்தில் செட்டிங் நேரத்தை விழுங்குகிறது என்பதைக் காட்டிய பிறகு, அந்த ஓர் இடத்தில் மட்டும் புதியதை வாங்கலாம். மருத்துவக் கருவி உதிரிகளைச் செய்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது. மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தர நெறி உருப்படிகளின் தடமறிதலை (எது எப்போது எப்படிச் செய்யப்பட்டது என்ற பதிவை) வலியுறுத்துவதால், தானே பதிவு செய்யும் எந்திரம் அவருக்குத் தொடக்கத்திலேயே தேவைப்படலாம். பழைய விண்டோஸில் ஓடும் எந்திரத்தை அலுவலகக் கணினிகள் உள்ள அதே வலையமைப்பில் சேர்ப்பது ஆபத்து. அதற்குத் தனி வலையமைப்பு வேண்டும். எந்த வழியானாலும், தரவைப் பொது வடிவில் வெளியே எடுக்கும் உரிமை பட்டறைக்கே உண்டு என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.