சுரங்கத்துக்கு நிலம் போகிறதா? வேலையா, மொத்தப் பணமா, மாதப் பணமா?

நெய்வேலியைச் சுற்றிப் பழுப்பு நிலக்கரிக்கு நிலம் கொடுக்கிற எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தே தீரும். நிலத்துக்கான விலை தனி. அதற்கு மேல் மறுவாழ்வுக்காக 2013 நிலமெடுப்புச் சட்டம் மூன்று வழி சொல்கிறது: குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவையில் 5 லட்சம், அல்லது 20 வருடம் மாதம் 2,000. இது குறைந்தபட்சம்தான், பேசி இதைவிடக் கூடுதலாகவும் வாங்கலாம். எங்கள் வீட்டில் மாதப் பணம் என்று முடிவெடுத்தோம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வேலை கிடைத்தால் நல்லதுதான். நிரந்தரமா, கான்ட்ராக்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்த வழிக்குப் போகவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

மொத்தப் பணம் காகிதக் கணக்கில் ஜெயிக்கும். மாதம் 2,000 வீதம் 20 வருடத்துக்கு 4,80,000தான் வருகிறது. 5 லட்சத்தை 6 சதவீத வட்டிக்குப் போட்டாலே மாதம் 2,500, முதலும் கையில் நிற்கும். ஆனால் பழைய கடனும் ஒரு கல்யாணமும் காத்திருக்கிற வீட்டில் அந்த முதல் எத்தனை நாள் நிற்கும்? பக்கத்து ஊரில் வேறு நிலம் வாங்கிவிடலாம் என்பவர்கள், முதலில் அங்கே போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கி வந்த தண்ணீர் அது, இப்படி இறைப்பதால் சுற்று ஊர்களிலும் ஆழத்துக்குப் போய்விட்டது.

எங்களை மாதப் பணத்தின் பக்கம் தள்ளியது ஒரே விஷயம்தான்: அது விலைவாசியோடு ஏற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விவசாயத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டை வைத்து ஏற்ற வேண்டும், அந்தக் குறியீட்டில் பெரும்பங்கு சாப்பாட்டுச் சாமான்களுக்கு. நிலம் இருந்தவரை வீட்டு நெல், மாட்டுக்கு வைக்கோல், தாளடிக்குப் பின்னால் போட்ட உளுந்து எதற்கும் கடைக்குப் போனதில்லை. நிலம் போன வருடமே அரிசி மூட்டை வாங்க ஆரம்பித்தோம், வைக்கோலுக்குக் கட்டுப்படியாகாமல் ஒரு மாட்டை விற்றோம். அரிசி விலை ஏறினால் பேங்க் வட்டி கூடவே ஏறாது. அப்புறம், பணம் அம்மா கணக்குக்கு வருகிறது, வீட்டுச் செலவு அவர் கையில் இருக்கிறது.

கையெழுத்துப் போடும்முன் அந்த ஏற்றம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வருடா வருடம் பாஸ்புக்கில் சரிபாருங்கள். வீட்டில் கணவரை இழந்தவர் இருந்தால் சட்டப்படி அவர் தனிக் குடும்பம். மூன்று வருடமாக அந்த நிலத்தையே நம்பிக் குத்தகைக்கு உழுதவர்களும் கூலி வேலை பார்த்தவர்களும், பட்டா இல்லையே என்று ஒதுங்காமல் மனுப் போடுங்கள், பாதிக்கப்பட்ட குடும்பங்களில் நீங்களும் உண்டு.