பின்ன மதிப்பீட்டுத் தாள்கள்: தரம் 6, 7 பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

கொக்குவிலில் வீட்டிலேயே தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தத் தாள்கட்டை ஆஸ்பத்திரி வீதிப் புத்தகக் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். கடைகளில் கிடைக்கும் பின்னப் பயிற்சிகள் பெரும்பாலும் கூட்டு, கழி, சுருக்கு என்றே போகும். இதைச் செய்தவர்கள் பிள்ளை எங்கே பிழையாக யோசிக்கிறது என்று தேடியிருக்கிறார்கள்.

முதல் தாளிலேயே 12/13 + 7/8 அண்ணளவாக எவ்வளவு என்று ஒரு கேள்வி. தெரிவுகள் 1, 2, 19, 21. இது 1978 இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. அங்கேயே 24 சதவீதமானோர்தான் 2 என்று சொன்னார்கள். இரண்டு பின்னமும் ஒன்றுக்குக் கிட்ட என்று விளங்கினால் கணக்கே செய்யத் தேவையில்லை. 19 என்று எழுதிய பிள்ளை தொகுதிகளைக் கூட்டியிருக்கிறது, 21 என்றால் பகுதிகளை. விடைப் பகுதியில் ஒவ்வொரு பிழை விடைக்கும் இப்படிக் காரணம் போட்டிருக்கிறார்கள். இதற்கே கொடுத்த காசு தகும்.

எனக்கு மிகவும் பிடித்தது காணிக் கேள்வி. ஒரு பரப்புக் காணியில் 1/2 பங்கு வெங்காயம், 1/3 பங்கு பீற்றூட், மொத்தம் எவ்வளவு பங்கு? என் மாணவி ஒருத்தி உடனே 2/5 என்று எழுதினாள். தகப்பன் தோட்டம் செய்கிறவர், பரப்புக்கு 18 குழி (இரண்டும் யாழ்ப்பாணத்துக் காணி அளவுகள்) என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். குழியில் போட்டுப் பார் என்றேன். 9, 6, ஆக 15. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரீச்சர், வெங்காயம் மட்டுமே அரைவாசி. 2/5 அதை விடக் குறைவெல்லோ?" என்றாள். 15/18 ஐ 5/6 என்று சுருக்கியதும் அவளேதான்.

குறைகளும் உண்டு. எண்கோட்டில் குறிக்கச் சொல்லும் கேள்விகள் மிகக் குறைவு. படங்கள் எல்லாம் ஏற்கெனவே சமமாகப் பிரித்த வட்டங்கள், நிழற்றிய துண்டுகளை எண்ணத் தெரிந்தால் போதும். சமமில்லாமல் வெட்டிய படம் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். 3/4, 5/6 இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைவு, ஆகவே சமம் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அதைப் பிடிக்கும் கேள்வி இதில் இல்லை. காரணம் எழுதவும் இடம் விடவில்லை. நான் ஓரத்தில் இரண்டு கோடு கீறிக் கொடுக்கிறேன்.

அப்புறம் ஒன்று, விடைப் பகுதியைத் தாள்களோடு சேர்த்தே குத்தியிருக்கிறார்கள். பிள்ளையிடம் கொடுக்க முதல் அதைக் கழற்றி வையுங்கள்.