ஜேன் பங்கிட்டாள், ஹெலன் ஓடினாள், மார்கரெட் கடன் கொடுத்தாள்

ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' நாவலில் ஒரு காட்சி. கணவர் வழக்கில் தோற்றுக் கடனாளியாகி, படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். ஜப்திக்கு வந்த ஆள் முன்னறையில் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருக்கிறான். மாடியில் சாமான் அறையில், திருமதி டலிவர் தன் மேஜை விரிப்புகளையும் வெள்ளித் தேநீர்ப் பாத்திரத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு அழுகிறாள். அந்த விரிப்புகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பு அவளே நூல் நூற்றிருக்கிறாள். 'எலிசபெத் டாட்சன்' என்ற பிறந்த வீட்டுப் பெயரைக் குறியாகப் போட்டிருக்கிறாள். கணவர் பட்ட கடனுக்கு இப்போது அவை ஏலத்துக்குப் போகப்போகின்றன.

விக்டோரியா காலத்துப் பெண் எழுத்தாளர்கள் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது காதல், கவர்னஸ் வேலை (பணக்கார வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது), காற்றடிக்கும் மேட்டுநிலம். எனக்கு இந்த விரிப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் ஆனவுடன் பெண்ணின் பணம், நகை, சம்பாத்தியம் எல்லாம் கணவனுடையவை. பணக்காரக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, மகளின் சொத்தைத் தனியாகக் கட்டிவைக்கும். மற்றவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. மனைவி சம்பாதித்தது மனைவிக்கே என்று சட்டம் வந்தது 1870-இல்தான். சொத்து முழுக்க அவளுடையது என்று ஆனது 1882-இல்.

அதனால் இந்த நாவல்களைத் திரும்பப் படிக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். நாயகி கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, கடைசியில் அதை என்ன செய்கிறாள்? இந்தக் கேள்வியை வைத்து ஷார்லட் பிரான்ட்டி, ஆன் பிரான்ட்டி, எலிசபெத் காஸ்கல், ஆண் பெயரில் எழுதிய ஜார்ஜ் எலியட் ஆகிய நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். பிரான்ட்டி சகோதரிகளில் இன்னொருவரான எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' இந்த ஒப்பீட்டில் வராது. கல்யாணத்தின் வழியாக ஒருவன் இரண்டு குடும்பச் சொத்தை எப்படி விழுங்குகிறான் என்று அதிலும் வருகிறது. ஆனால் நாயகி கேத்தரினின் தவிப்பு காசைப் பற்றியது இல்லை. அதைத் தனியாகத்தான் பேசவேண்டும்.

முதலில் ஜேன். 1847-இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் நாயகிக்குத் தன் சம்பளம் மனப்பாடம். லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டு, தார்ன்ஃபீல்டில் கவர்னஸாக 30. அங்கே அவள் காதலித்த வீட்டு எஜமானர் ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும் 20 ஷில்லிங்கோடு வெளியேறுகிறாள். அதை அப்படியே கோச் வண்டிக்காரனிடம் கொடுத்துவிடுகிறாள், துணிமூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். அடுத்த சில பக்கங்கள் ஆங்கில நாவலில் பசியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக நல்லவை. கைக்குட்டைக்கும் கையுறைக்கும் பதிலாக ரொட்டி கேட்டுப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை. பன்றிக்குக் கொட்டப்போன ஆறிய கஞ்சியை வாங்கிக் குடிக்கிறாள். மானத்தோடு வெளியேறிய பெண்ணுக்கு மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதை ஷார்லட் மழுப்பவில்லை.

அப்புறம் மதீராத் தீவு சித்தப்பாவின் சொத்து வருகிறது. 20,000 பவுண்டு. ஜேன் அதை நான்காகப் பிரித்து, தனக்கு அடைக்கலம் கொடுத்த மூன்று பேருக்கும் தனக்கும் ஆளுக்கு 5,000 என்று வைக்கிறாள். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ராச்செஸ்டரிடம் அவள் திரும்பிப் போவது கவர்னஸாக இல்லை. யாரையும் அண்டிப் பிழைக்கத் தேவையில்லாத பெண்ணாகப் போகிறாள்.

ஆனால் ராச்செஸ்டரிடம் இன்னொரு பெண்ணின் பணமும் இருக்கிறது. மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருந்த முதல் மனைவி பெர்த்தா, ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்தவள். கல்யாணம் ஆனதும் அந்தத் தொகை ராச்செஸ்டர் கைக்குப் போனது, அவளும் அவர் பிடிக்குள் போனாள். அப்படியானால் ஜேனின் 5,000 கல்யாணத்துக்குப் பிறகு யாருடையது? நாவல் அதைச் சொல்லவில்லை. நல்ல கணவர் அமைந்ததால் கேள்வியே எழாமல் போகிறது.

ஆன் பிரான்ட்டி அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறார். கணவன் நல்லவனாக அமையாவிட்டால்?

'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' வெளிவந்தது 1848-இல். பாழடைந்த ஒரு பழைய வீட்டுக்கு, ஐந்து வயது மகனோடு விதவை என்று சொல்லிக்கொண்டு ஹெலன் என்ற ஒருத்தி குடிவருகிறாள். படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். ஊர் சும்மா இருக்குமா? குழந்தையின் அப்பா யார் என்று தேநீர் குடிக்கும் இடமெல்லாம் பேச்சு. அவள் விதவை இல்லை, குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி வந்தவள் என்பது அவளுடைய நாட்குறிப்பிலிருந்து பிறகு தெரிகிறது. காதலித்துக் கட்டிக்கொண்டவன்தான். தன்னால் அவனைத் திருத்திவிட முடியும் என்று நம்பியவள்.

ஹெலன் முதலில் நேராகவே கேட்டுப் பார்க்கிறாள்: என் பணத்தில் மிச்சம் இருப்பதையும் பிள்ளையையும் கொடுத்துவிடு, போய்விடுகிறேன். அவன் மறுக்கிறான். இரகசியமாகப் படங்கள் வரைந்து சேர்க்கிறாள். அவன் அவளுடைய நாட்குறிப்பைப் பறித்துப் படித்துவிட்டு, வர்ணம், தூரிகை, படச்சட்டம் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். சாவி, பணம், நகை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறான். தன் சம்பாத்தியத்துக்கான வழி எரிவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மனம் பதறித்தான் படிக்கிறேன்.

கதை 1827-இல் தொடங்குகிறது. கைக்குழந்தையாக இருந்தாலும் அப்போது சட்டப்படி தகப்பனுக்கே சொந்தம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகத் தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற சட்டமே, காரலைன் நார்ட்டன் என்ற தாய் போராடிய பிறகு 1839-இல்தான் வந்தது. அதாவது மகனைத் தூக்கிக்கொண்டு போக ஹெலனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை, படம் விற்ற காசும் அவளுடையது இல்லை. அதனால்தான் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கிரஹாம் என்பதை வைத்துக்கொள்கிறாள். வைல்ட்ஃபெல் ஹாலை வரைந்துவிட்டுக் கீழே வேறு இடத்தின் பெயரை எழுதுகிறாள்.

ஜேனையும் ஹெலனையும் அருகருகே வைத்தால் என் மனம் ஹெலன் பக்கம்தான் சாய்கிறது. ஜேனைத் தடுக்கச் சட்டப்படி யாருக்கும் உரிமை கிடையாது. அவள் காதலைத்தான் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. ஹெலன் சட்டத்தை மீறிப் போகவேண்டியிருந்தது, அதுவும் குழந்தையோடு. ஆனால் எழுத்து என்று பார்த்தால் ஷார்லட்டின் கை மேலே நிற்கிறது. ஜேன் நேராக நம் காதருகே பேசுகிறாள். ஹெலன் கதையையோ கில்பர்ட் மார்க்கம் என்ற பண்ணைக்கார இளைஞன் நண்பனுக்கு எழுதும் கடிதங்களாகச் சொல்கிறான். பொறாமையில் சவுக்குக் கட்டையால் ஒருவரின் மண்டையில் அடிப்பவன் அவன். ஹெலன் கடைசியில் அவனையே கட்டிக்கொள்வது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

சொந்த அக்காவுக்கே இந்த நாவல் பிடிக்கவில்லை. ஆன் 1849-இல் 29 வயதில் இறந்தபின், கதைப்பொருளைத் தேர்ந்தெடுத்ததே முழுத் தவறு என்று ஷார்லட் எழுதினார். சகோதரன் பிரான்வெல் குடியால் சீரழிந்ததை இருவருமே வீட்டில் பார்த்தவர்கள். ஷார்லட்டுக்கு அது மூடிவைக்கவேண்டிய துயரமாக இருந்திருக்கலாம். ஆனோ உண்மையைச் சொல்லத்தான் எழுதினேன் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தெளிவாகவே சொன்னார்.

ஷார்லட்டுக்கும் நியாயம் செய்யவேண்டும். 1853-இல் வந்த 'வில்லெட்' நாவலின் லூசி ஸ்னோ, ஜேனைவிட நிஜமானவள். 20,000 எல்லாம் வருவதில்லை. வேலை பார்த்த வீட்டு அம்மாளின் வாரிசு அனுப்பிய 100 பவுண்டு வருகிறது. அதை வைத்துத் தன் சிறிய பள்ளிக்கூடத்தை விரிவுபடுத்துகிறாள். காதலன் கடல் கடந்து போயிருந்த அந்த மூன்று ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியானவை என்கிறாள். அவன் மேல் அன்பு குறைந்து சொல்வதில்லை. அவன் வருவான் என்ற நம்பிக்கையும் தன் பள்ளி என்ற வேலையும் ஒரே நேரத்தில் கையில் இருந்த காலம் அது.

காஸ்கலுக்கு வருவோம். மான்செஸ்டரில் பாதிரியார் மனைவி. ஒரு கதைக்கு 1850-இல் 20 பவுண்டு வந்ததையும், கணவர் அதை அமைதியாகத் தன் பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டதையும் தோழிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதே காஸ்கல் 1865-இல் தன் எழுத்துக் காசில், கணவருக்குச் சொல்லாமல், ஹாம்ப்ஷயரில் ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டிலேயே அந்த நவம்பரில் காலமானார்.

அவருடைய 'நார்த் அண்ட் சவுத்' 1854 செப்டம்பரிலிருந்து டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. காஸ்கல் நினைத்திருந்த தலைப்பு நாயகியின் பெயரான 'மார்கரெட் ஹேல்'. மற்ற மூவரும் வீட்டுக்குள் பார்த்ததைக் காஸ்கல் ஆலைக்குள்ளும் போய்ப் பார்த்தார். மார்கரெட்டின் தோழி பெஸ்ஸி 19 வயதில் பஞ்சுத்தூசி நுரையீரலில் படிந்து சாகிறாள். தூசியை இழுத்துத் தள்ளும் சக்கரம் ஒன்று உண்டு, அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் தராது என்பதால் முதலாளிகள் வைப்பதில்லை என்கிறாள். சக்கரம் இருக்கும் ஆலையில் பசி அதிகமாகிறது என்று சில தொழிலாளர்களே விரும்புவதில்லை என்றும் சொல்கிறாள். தூசியை விழுங்கிப் பழகிய வயிறு. இதற்கு நிகரான ஒரு பத்தி மற்ற மூவரிடமும் கிடையாது.

மார்கரெட்டுக்கும் சொத்து வந்து சேர்கிறது, ஞானத்தந்தையிடமிருந்து. ஆலை முதலாளி தார்ன்டன் நொடித்துப்போகும் நேரத்தில், அவன் ஆலை இருக்கும் இடமே அவளுடையதாகிவிடுகிறது. வங்கியில் இரண்டரை சதவீத வட்டிக்குச் சும்மா கிடக்கும் 18,057 பவுண்டைக் கடனாக எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல வட்டி கொடுங்கள் என்கிறாள். காதலைச் சொல்லும் காட்சியில் வட்டி விகிதம் வருகிறது, அது அழகாகவும் இருக்கிறது. தொடரின் இடநெருக்கடியால் முடிவு அவசரமாகிவிட்டது என்று காஸ்கலுக்கே குறை. நூலாக வந்தபோது சில பகுதிகளைச் சேர்த்தார். எனக்கென்னவோ கடைசிக் காட்சியின் வேகம் பொருத்தமாகவே படுகிறது. கல்யாணம் ஆனபின் அந்த 18,057 கடனாகவே இருக்குமா என்ற கேள்வி மட்டும் இங்கேயும் பதில் இல்லாமல் நிற்கிறது.

ஜார்ஜ் எலியட் நால்வரில் ஆழமானவர். தன் நாயகிகளுக்கு எதையும் சுலபமாகக் கொடுக்காதவரும் அவர்தான். முதலில் பார்த்த திருமதி டலிவரின் மகள் மேகிக்குப் பணமும் இல்லை, படிப்பும் இல்லை. லத்தீன் மண்டையில் ஏறாத அண்ணன் டாமுக்குத்தான் காசு கொடுத்து லத்தீன். ஆசையாகப் புத்தகத்தைப் புரட்டும் மேகியிடம் வாத்தியார் சொல்கிறார்: பெண்களுக்குச் சட்டென்று புரியும், ஆழம் கிடையாது. அதைச் சிறுமி மேகி அப்படியே நம்பிவிடுவதுதான் வலிக்கிறது. இறுதியில் வெள்ளம் அண்ணனையும் தங்கையையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்ததற்காக எலியட்டின் சொந்த அண்ணன் 1857-லிருந்து 1880 வரை அவரோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த முடிவில் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு மூழ்குவது தாங்க முடியாததாகிவிடுகிறது.

'மிடில்மார்ச்' நாவலின் டோரதியா கதை நேர் எதிர். பணம் இருக்கிறது, செய்யத்தான் வேலை இல்லை. குடியானவர்களுக்கு நல்ல வீடு கட்ட வரைபடம் போடுகிறவள், பெரிய அறிவாளி என்று நம்பி வயதான கசாபனைக் கட்டிக்கொள்கிறாள். அவர் செத்த பிறகும் உயிலின் பின்னிணைப்பு அவளைப் பிடித்து வைக்கிறது: உறவுக்கார இளைஞன் வில் லாடிஸ்லாவைக் கட்டிக்கொண்டால் என் சொத்து உனக்கு இல்லை. அவள் அதை உதறிவிட்டு, தன் சொந்த வருமானமான ஆண்டுக்கு 700 பவுண்டோடு அவனைக் கட்டிக்கொள்கிறாள். ஜேனுக்கும் மார்கரெட்டுக்கும் சொத்து வந்தபின் கல்யாணம், டோரதியாவுக்குச் சொத்தை விட்டால்தான் கல்யாணம்.

ஆனாலும் 'மிடில்மார்ச்'சில் என் மனத்தில் நிற்பது கார்த் வீடு. ஊதாரிப் பையன் ஃப்ரெட் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறார் அந்த வீட்டு மகள் மேரியின் அப்பா. 110 பவுண்டு உடனே வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்து, மகனின் தொழில்பயிற்சிக்கென்று அம்மா சேர்த்த 92 போகிறது. மீதி 18-ஐ மேரி தன் சம்பளச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். கணக்குச் சரியாக வருகிறது. சித்தப்பா சொத்தோ ஞானத்தந்தை சொத்தோ வந்து காப்பாற்றாத பெண்களின் காசு எப்படிக் கரைகிறது என்று எலியட் பைசா சுத்தமாகக் காட்டிவிடுகிறார்.

எதில் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் 'ஜேன் அயர்' என்றுதான் சொல்வேன். அது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆலை, வேலைநிறுத்தம் இவற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் நேராக 'நார்த் அண்ட் சவுத்'துக்குப் போகலாம். 'மிடில்மார்ச்' முப்பது வயதுக்கு மேல் இன்னும் நன்றாகப் புரியும், அவசரம் வேண்டாம். ஆனால் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவர்களுக்கு என் பதில் ஆனின் நாவல். வாங்கும்போது முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 1854-இல் வெட்டிச் சிதைத்து ஒரு பதிப்பு வந்தது, அதைப் பார்த்தே பிறகு பல பதிப்புகள் அச்சாகின. நண்பன் ஹால்ஃபோர்டுக்கு கில்பர்ட் எழுதும் கடிதம் முதலில் இருந்தால் வாங்குங்கள். அது இல்லாமல் நேராக 1827-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடங்கினால், அது வெட்டப்பட்ட பிரதியாக இருக்கலாம், வேறு பதிப்பைத் தேடுங்கள்.